ஆறாவது புத்தகம்

சின்னப்பன் எங்கள் தெருவுக்கு வந்தது 1983ஆம் வருஷம், பள்ளிக்கூடங்கள் திறந்த வாரத்தில். சைக்கிள் கேரியரில் ஒரு தகரப்பெட்டி, ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் காக்கித்துணிப் பை. வாசலில் மணியை ஒரே ஒரு தரம் அடித்துவிட்டு ஸ்டாண்டு போட்டார்.

"வாரப் பத்திரிகை அஞ்சு கீது சார். தெனம் ஒண்ணு குடுப்பேன். மறுநாள் வந்து அத்த வாங்கிக்கினு அடுத்தது குடுப்பேன். அஞ்சையும் கடைல வாங்கத் தேவையில்ல."

என் மனைவி உடனே சரி என்றாள். சேலையூரில் அப்போது வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. நான் காலை ஏழரை மணி ரயிலுக்குத் தாம்பரம் ஸ்டேஷன் போனால் இருட்டின பிறகுதான் வருவேன். தொடர்கதையாவது துணைக்கு இருக்கட்டுமே என்று அவளுக்கு.

சின்னப்பனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்பு கடைகிற லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். பட்டறையை மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று ஆரம்பித்த தொழில் இது. மனைவி ரத்தினபாய் கடப்பேரி வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தாள். கிழக்குத் தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், இரும்புலியூர் என்று அவருக்கு நூற்றுப் பத்து வீடு. எந்தப் பத்திரிகையில் எந்தத் தொடர்கதை எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்று கேட்டால் உடனே சொல்வார். ஆனால் ஒன்றையும் படித்ததில்லை. வாசலில் பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

"ஒம்போதாவதோட நின்னுட்டேன் சார். எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் முடிக்கறதுக்குள்ள எனக்கு வேர்த்துடும்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. லேத்தில் நின்றவருக்குப் புத்தகம் எதற்கு என்பதுதான் அவர் எண்ணம்.

1985 அக்டோபரில் அவருடைய வாடிக்கைக்காரர் ஸ்ரீநிவாசராகவன் வீட்டைக் காலி செய்துகொண்டு நாக்பூரில் இருந்த மகனிடம் கிளம்பினார். பட்டணத்து அச்சகங்களில் நாற்பது வருஷம் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். பின்னறையில் ஏழு கோணிப் பைகள் கட்டி வைத்திருந்தார்.

"சின்னப்பா, இதெல்லாம் நீ எடுத்துண்டு போயிடு. நான் புரூஃப் பாத்த புஸ்தகம் ஒவ்வொண்ணுலயும் ஒரு காப்பி குடுப்பா. சேந்துடுத்து."

"அல்லாத்தையும் படிச்சிட்டீங்களா சார்?"

ஸ்ரீநிவாசராகவன் ஒரு கோணியைத் தட்டிக் காட்டினார். "ஒண்ணுகூடப் படிச்சதில்லை. கால் விட்டுப்போச்சா, புள்ளி விழுந்துடுத்தான்னு எழுத்தைத்தான் பாத்தேன். விஷயத்துக்குள்ள போயிட்டா பிழை கண்ணுல படாது. அதனால போகவே இல்லை" என்றார்.

சின்னப்பனுக்கு அந்தப் பதிலில் ஒன்றும் தோன்றவில்லை. வாடகை வண்டியில் ஏற்றிக் கடப்பேரிக்குக் கொண்டுபோனார். மார்க்கெட் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடுவது என்று முடிவு. அதற்குள் நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து மழை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். ரயில் ஓடவில்லை, பத்திரிகைக் கட்டு வரவில்லை, சின்னப்பன் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கோணிகளைக் கட்டில் மேல் அடுக்கிவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் அவற்றின் பக்கத்திலேயே காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாள் அப்படியே போனது.

நாலாவது நாள் பொழுது போகாமல் ஒரு கோணியின் வாயைப் பிரித்தார். கைக்கு வந்த முதல் புத்தகத்தில் ஒரு சங்கிலியின் படம் இருந்தது. நில அளவைக்கான இரும்புச் சங்கிலி. படத்துக்குக் கீழே, வெயிலில் சங்கிலி நீண்டுவிடும் என்பதால் அதை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு நிழல் கொடுத்து அளந்தார்கள் என்று எழுதியிருந்தது.

அந்த வரியில்தான் சின்னப்பன் மாட்டிக்கொண்டார். சூட்டில் இரும்பு நீளும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசல் முடிந்த சூட்டோடு அளந்தால் ஆறின பிறகு அளவு குறைந்துபோகும். முதல் வருஷத்தில் அதற்காக மேஸ்திரியிடம் வாங்கின திட்டு இன்னும் மறக்கவில்லை. அவர் கையால் தெரிந்துகொண்ட ஒன்றை யாரோ புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்! வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

தையல் துணிகளை உலர்த்த இடம் தேடிக்கொண்டிருந்த ரத்தினபாய், "இன்னாத்துக்கு இப்டி வாயைப் பொளந்துகினு குந்திகினு கீற?" என்றாள்.

"இத்தக் கேளு. வெள்ளக்காரனுங்க பரங்கிமலைகிட்ட இருந்து அளக்க ஆரம்பிச்சாங்களாம்."

"எத்த?"

"இந்தியாவ."

"மழைல உனக்கு ஜுரம் கண்டுடுச்சா?"

"மெய்யாத்தான் சொல்றேன். ஏழரை மைல் தரையில சங்கிலி போட்டு அளந்துட்டு, அந்த ஒரு கோட்ட வெச்சி முக்கோணம் முக்கோணமாக் கட்டிக்கினே இமயமலை வரிக்கும் போயிருக்கானுங்க."

தொண்ணூறு பக்கத்தைப் படித்து முடிக்க அவருக்கு மூன்று நாள் ஆனது. மழை விட்டதும் முதல் வேலையாகப் பத்திரிகை போடப் போகாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரங்கிமலைக்குப் போனார். படியேறி மேலே நின்று தெற்கே, அந்தக் கோடு போய் முடிந்த பெரும்பாக்கம் பக்கம் பார்த்தார். வெள்ளம் வடியாத வயல்களும் தென்னைகளும் பளபளவென்று கிடந்தன. அந்த மண்ணில் நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னால் வெயில் காலத்தில் குனிந்து குனிந்து சங்கிலி நகர்த்திய கூலியாட்களைத்தான் அவர் நினைத்துக்கொண்டாராம். அவர்களுக்கு எதை அளக்கிறோம் என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

மறுநாள் என் வீட்டு வாசலில் நின்று இதையெல்லாம் சொன்னார். நான் பதினொரு வருஷமாகத் தினமும் இரண்டு தடவை அந்த மலையைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தவன். எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் முகம் காய்ச்சல்காரனுடையது போல ஜிவுஜிவு என்றிருந்தது.

பழைய பேப்பர் கடைப் பேச்சு அதோடு நின்றது. அதற்குப் பிறகு கோணியில் கை விட்டு எது வருகிறதோ அதைப் படிக்க ஆரம்பித்தார். இது பிடிக்கும், இது புரியாது என்று பிரிக்கத் தெரியாததே அவருக்கு வசதியாகப் போயிற்று. கரையான் புற்றுக்குள் காற்று எப்படிச் சுற்றி வருகிறது என்று ஒன்று. தொழுநோய் கண்ட ஒருவர் தானே எழுதிய வாழ்க்கை. சோப்பு காய்ச்சுவது, மாங்கன்று ஒட்டுவது, சூனியம் என்கிற எண் எப்படிப் பிறந்தது, கலங்கரை விளக்கங்கள், ஈரல் என்ன வேலை செய்கிறது. சில புத்தகங்களில் பாதிக்கு மேல் அவருக்கு விளங்காது. அப்போதும் கடைசிப் பக்கம் வரை போவார். ரயில் ஜன்னலில் தெரியாத ஊர்களைப் பார்த்துக்கொண்டு போவது மாதிரி என்பார்.

ஒரு நாள் காலை பத்திரிகையைக் கொடுக்காமலே நின்றார். கையில் கல்வெட்டுகளைப் பற்றிய ஒரு புத்தகம். "சார், 'சாவா மூவாப் பேராடு'ன்னா இன்னா தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"ஒரு பொம்பள, கோயில்ல வெளக்கு எரியணும்னு தொண்ணூறு ஆடு குடுத்திருக்குது. ஆயிரம் வருசத்துக்கு முன்னால. அந்த ஆட்டுக்குத்தான் இந்தப் பேரு. சாவாத ஆடு, கெழமாவாத ஆடு. ரெண்டு நாளா மண்டைய ஒடைச்சிக்கினேன். சாவாத ஆடு ஏது? அப்பறம் பத்து பக்கம் தள்ளிப் போட்டிருக்குது. ஒண்ணு செத்தா அதும் குட்டி அந்த எடத்துக்கு வந்துடும். எப்ப எண்ணினாலும் தொண்ணூறு. அப்போ அது சாவவே இல்லதானே?" அவர் கையை நீட்டிக் காட்டினார். மயிர் குத்திட்டு நின்றது. "மூணு வார்த்தைல சொல்லிட்டானுங்க சார்."

அந்த மாதமே ஆறாவது புத்தகம் ஆரம்பமாயிற்று. ஐந்து பத்திரிகைகளோடு வாரத்துக்கு ஒரு புத்தகம். அதற்குத் தனியாகக் காசு வேண்டாம், படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். எந்த வீட்டுக்கு எது என்பதை அவரே தீர்மானித்தார். முதலில் நிறையத் தப்பு செய்தார். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணுக்கு விஷங்களைப் பற்றிய புத்தகத்தைக் கொடுக்கப்போய், அவளுடைய மாமியார் தெருவே கேட்கும்படி இவரை விரட்டினாள். தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிற எனக்குக் கடலின் நீரோட்டங்களைப் பற்றியது வந்தது. வேண்டாவெறுப்பாகப் பிரித்து, ரயிலில் படித்துக்கொண்டே போய், இறங்க வேண்டிய எழும்பூரை விட்டுவிட்டுப் பூங்கா ஸ்டேஷனில் இறங்கினேன். கடலுக்குள்ளே ஆறுகள் ஓடுகின்றன என்று நாற்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டவனின் திகைப்பை எப்படிச் சொல்வது!

ராஜகீழ்ப்பாக்கத்தில் சாமுண்டீஸ்வரி என்று ஒரு அம்மாள். ஊரின் பழைய குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, கணவர் குப்புராஜ் செங்கல், சிமென்ட் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே போனதில்லை. ஆறாவது புத்தகத்தைப் பார்த்ததும், "இந்த வேலையெல்லாம் வாணாம்பா. எனக்குத் தொடர்கதை போதும்" என்று திருப்பி நீட்டினாள்.

"இதுவும் கதைதாம்மா. ஆனா நடந்தது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துவிட்டார்.

தென்துருவத்துக்குப் போன கப்பல் பனிக்கட்டிக்குள் சிக்கிக்கொண்ட கதை அது. மூன்றாம் நாள் அவர் போனபோது சாமுண்டீஸ்வரி கேட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"கப்பல பனி நசுக்கிடுச்சுப்பா! அப்பளம் மாதிரி நொறுங்கிப்போச்சு. ஆளுங்கல்லாம் பனி மேலயே கூடாரம் போட்டுக்கினு கீறாங்க. எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல. எல்லாரும் திரும்பி வந்துட்டாங்களா, அத்த மட்டும் சொல்லிடு."

"படிங்கம்மா, தெரியும்."

"சொல்லுப்பா!"

"வந்துட்டாங்க. ஒருத்தர வுடாம அந்தக் கேப்டன் கூட்டியாந்துட்டாரு."

அவள் பெருமூச்சு விட்டாள். உடனே, "நாயிங்க?" என்றாள். சின்னப்பன் அவசரமாகப் பெட்டியை மூடிச் சைக்கிளைத் தள்ளினார். அடுத்த வாரம் கண் சிவந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "இந்த மாதிரி இன்னொண்ணு குடு. ஆனா நாய் சாவக் கூடாது" என்றாள். ஒரு வருஷத்துக்குள் எரிமலை, பாலைவனம், பட்டுப்பூச்சி என்று நாற்பது புத்தகம் படித்தாள். கடைசியில் குப்புராஜே வாசலுக்கு வந்து, பழங்காலத்தில் செங்கல் சுட்டதைப் பற்றி ஏதாவது உண்டா என்று கேட்டார்.

1987 தை மாதத்தில் சின்னப்பன் கைக்கு அட்டை கிழிந்த ஒரு சின்னப் புத்தகம் வந்தது. அறுபத்துநாலு பக்கம். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் தாய்மார்களுக்கு என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. எழுதியவர் ஞானசவுந்தரி அம்மாள், தென்மாவட்டத்தில் ஒரு சிற்றூர். அச்சானது 1961.

மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "பிள்ளையைத் தரையில் உட்காரவைத்துச் சோதிக்காதீர்கள். நீங்கள் தட்டைத் தட்டும்போது தரை அதிரும், பிள்ளை திரும்பிப் பார்க்கும், காது கேட்கிறது என்று நீங்கள் ஏமாந்துபோவீர்கள். நாலைந்து சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் உட்காரவையுங்கள். பின்னால் நில்லுங்கள். உங்கள் நிழல் முன்னால் விழக் கூடாது."

படித்துக்கொண்டிருந்தவருக்கு இரும்புலியூர் கங்கம்மா வீடு கண்ணுக்கு முன்னால் வந்தது. கங்கம்மாவின் கணவன் மாரி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். அவர்களுடைய மகள் அஞ்சலாட்சிக்கு மூன்றரை வயது. பேச்சு வரவில்லை. மந்தம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தார்கள். இவர் சைக்கிளை ஸ்டாண்டு போடும்போது அந்தக் குழந்தை சடாரென்று திரும்பிச் சிரிக்கும். காது கேட்காது என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் ஸ்டாண்டு போடுவதற்கு முன்னால் இவர் மணி அடிப்பார். மணிக்கு அவள் ஒருநாளும் திரும்பியதில்லை. ஸ்டாண்டு சிமென்ட் தரையில் இடிக்கும்போதுதான் திரும்புவாள். இது அவருக்கு அந்த மூன்றாம் பக்கத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது.

ஒரு தாயிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மறுநாள் பத்திரிகைக்குள் அந்தப் புத்தகத்தைச் செருகிக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டார்.

அதற்கு மறுநாள் கங்கம்மா இரண்டையும் சேர்த்து அவருடைய தகரப்பெட்டி மேல் வீசினாள். "எம்பொண்ணு செவிடுன்னு சொல்ல வந்தியா? நாளைலேர்ந்து பேப்பர் வாணாம். இந்தப் பக்கம் வராத."

வீட்டுக்கு வந்து ரத்தினபாயிடம் சொன்னார். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, "அவ கோவப்பட்டது ஞாயந்தான். புக்க உள்ள வெச்சிட்டு ஓடியாந்துட்ட. அவகிட்ட குந்தி, நீ பாத்தத வாயால சொன்னியா?" என்று கேட்டாள். பிறகு அவளே கிளம்பினாள். இருவருமாக இரும்புலியூர் போனார்கள். சின்னப்பன் தெருவிலேயே நிற்க, ரத்தினபாய் உள்ளே போய் அரைமணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.

இருபது நாள் கழித்து, சின்னப்பன் அந்தப் பக்கமாகச் சைக்கிளில் போகும்போது கங்கம்மா ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணா, நாலு சாக்கு போட்டுப் பாத்தேன். தட்டு நசுங்கற அளவுக்குத் தட்டினேன். பக்கத்து வூட்டுக்காரங்க ஓடியாந்துட்டாங்க. எம்பொண்ணு திரும்பல. சாக்க எடுத்துட்டு வெறுந்தரைல குந்தவெச்சிக் கால ஒதச்சேன். திரும்பிப் பாத்து சிரிக்கிது. மூணு வருசமா நான் இன்னா பேசினேனோ ஒண்ணுகூட அதுக்கு வந்து சேரல அண்ணா. தாலாட்டு பாடினேனே, அதுகூட."

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் கொஞ்சமே கொஞ்சம் கேட்கும் சக்தி மிச்சம் இருந்தது. புத்திக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். மார்பில் தொங்கவிட்டுக்கொள்ளும் காது மெஷின் பெட்டியும் ஒயரும் கிடைக்க நாலைந்து மாதம் அலைந்தார்கள். அதற்குக் காத்திருக்காமல் கங்கம்மா புத்தகத்தின் பாடங்களை ஆரம்பித்துவிட்டாள். எட்டாவது படித்தவள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பிள்ளையின் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு பேசுவது, கன்னத்தோடு கன்னம் வைத்து முனகுவது, பலூனைப் பிள்ளையின் கையில் கொடுத்து அதன்மேல் உதட்டை வைத்துப் பேசுவது என்று எல்லாம் எழுதியிருந்தபடி. மாரிக்கு முதலில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் மூட்டை தூக்கிவிட்டு வந்ததும் சாக்குத்தூசியோடு உட்கார்ந்து மகளின் கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொள்வான்.

ஐப்பசியில் ஒருநாள் சின்னப்பன் போனபோது கங்கம்மா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அஞ்சலாட்சி தானாகவே வந்து அவர் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னா சொல்லட்டும்?"

"எதுனா சொல்லு அண்ணா. சின்னதா."

"பூ" என்றார். குழந்தை அவர் உதட்டையே பார்த்தாள். அவருடைய இன்னொரு கையை எடுத்துத் தன் வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டாள். "ப்ஃபூ" என்றாள். முக்கால்வாசி காற்றுதான். அதற்குப் பின்னால், ஆழத்திலிருந்து, ஒரு குரல் இருந்தது.

எனக்கு அதைச் சொல்லும்போது உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "இந்த எடத்துல பட்டுது சார்" என்றார்.

அவரை வாட்டியது வேறொன்று. அந்தப் புத்தகம் அச்சாகி இருபத்தாறு வருஷம் கோணியில் கிடந்திருக்கிறது. புரூஃப் பார்த்தவர் படிக்கவில்லை. மழை வராமல் இருந்தால் அது எடைக்குப் போயிருக்கும். எழுதிய அம்மாளுக்கு இது தெரிய வேண்டாமா? ஒரு இன்லாண்ட் கடிதம் வாங்கி, இரண்டு தடவை கிழித்துப்போட்டு மூன்றாவது தடவை எழுதி, புத்தகத்தில் இருந்த விலாசத்துக்குப் போட்டார். விலாசம் இருபத்தாறு வருஷப் பழசு. பதில் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து வந்தது. அவர் கொண்டுவந்து காட்டினார். நடுங்குகிற கையெழுத்து.

"அன்புள்ள சகோதரருக்கு. நான் உயிரோடு இருக்கிறேன். எனக்கு எழுபத்தாறு வயது. என் மகன் பிறவியிலேயே காது கேளாதவன். சொல்லித்தர எங்கள் ஊரில் ஒருவரும் இல்லாததால் நானே தடுமாறிக் கற்றுக்கொடுத்து, அதை எழுதி வைத்தேன். ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டோம். வீட்டை விட்டுப் போனவை நாற்பத்தொன்று. அதில் எதையும் யாரும் படித்ததாக இன்றுவரை எனக்குத் தகவல் வந்ததில்லை. எழுதியது என் வீண் ஆசை என்றே நினைத்திருந்தேன். உங்கள் கடிதத்தை என் மகன் எனக்கு வாசித்துக் காட்டினான். குரல் தெளிவாக இராது. எனக்கு விளங்கும்."

அடியில் இன்னொரு வரி இருந்தது. மிச்சப் பிரதிகள் மச்சில் கிடக்கின்றன, பூச்சி தின்றது போக நல்லதைப் பொறுக்கி அனுப்பட்டுமா என்று.

1988 மாசியில் தாம்பரம் பார்சல் ஆபீசுக்கு இரண்டு மரப்பெட்டிகள் வந்தன. சின்னப்பனோடு நானும் போயிருந்தேன். கங்கம்மாவும் மாரியும் வந்திருந்தார்கள். மாரி இரண்டையும் ஒரே நடையில் வெளியே கொண்டுவந்து, பிளாட்பாரம் ஓரத்து வேப்பமரத்தடியில் வைத்து ஆணியை நெம்பினான். உள்ளே வேப்பிலைச் சருகு போட்டு, ஒரே மாதிரியான சின்னச் சின்னப் புத்தகங்கள், வரிசை வரிசையாக. சின்னப்பன் இதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தைக் கிழிந்த அட்டையோடுதான் பார்த்திருக்கிறார். முழு அட்டையில் ஒரு தாயின் தொண்டையில் ஒரு குழந்தையின் கை கோட்டுப்படமாகப் போட்டிருந்தது. அவர் ஒன்றை எடுத்து அட்டையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் குந்தியிருந்தார். எலெக்ட்ரிக் ரயில் ஒன்று வந்து கூட்டத்தை இறக்கிவிட்டுப் போனது. அத்தனை பேரும் எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

நூற்றெழுபத்திரண்டு பிரதிகள் நல்லவையாக இருந்தன. அஞ்சலாட்சியைச் சேர்த்திருந்த காது கேளாதோர் பள்ளியில் காலை நேரம் வாசலில் காத்திருக்கும் தாய்மார்களுக்குக் கங்கம்மா முதலில் கொடுத்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மரத்தடியில் உட்கார்ந்து தானே வாசித்துச் சொன்னாள். மூன்றாம் பக்கத்துச் சாக்கு வரி வரும்போது ஒவ்வொருத்தியும் அழுவாள் என்று சொல்வாள். "அழட்டும்னு வுட்ருவேன். நானும் அழுதவதானே." மிச்சத்தை ஆஸ்பத்திரிக் காது வைத்தியப் பிரிவிலும் பால்வாடிகளிலும் சின்னப்பன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று வருஷத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஞானசவுந்தரி அம்மாளுக்கு மாதம் ஒரு கடிதம் போடுவார். 1991இல் மகனிடமிருந்து பதில் வந்தது, அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று.

தொண்ணூற்று மூன்று, நாலில் எங்கள் தெருக்களுக்குக் கேபிள் டிவி வந்தது. நூற்றுப் பத்து வீடு முப்பதாயிற்று, பிறகு பன்னிரண்டு. பத்திரிகைகளை நிறுத்திவிட்டுச் சின்னப்பன் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன எஞ்சினியரிங் பட்டறையில் மறுபடி லேத்துக்குப் போனார். பன்னிரண்டு வருஷம் விட்டுப்போன கை ஒரு வாரத்தில் பழகிவிட்டது என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துவிடுவார். அப்போது பெட்டியில் புத்தகங்கள் மட்டும்தான். சாமுண்டீஸ்வரி அம்மாளின் வீடுதான் முதல் வீடு.

கடைசியாக அவரை நான் பார்த்தது 1998இல், மேற்குத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கூட நின்றுகொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் சின்ன மெஷின். அஞ்சலாட்சி. இப்போது ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள், பள்ளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். எனக்கு வணக்கம் சொன்னாள். எழுத்துகள் கொஞ்சம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் நன்றாகப் புரிந்தது. அவள் கையில் தடியாக ஒரு புத்தகம்.

"இன்னா புக்குன்னு கேளுங்க சார்" என்றார் சின்னப்பன்.

கேட்டேன். அவள் என் உதட்டைப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் காட்டினாள். வௌவால்களைப் பற்றியது. "இருட்ல அது கத்தும்" என்றாள், நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. "கத்தறது நமக்குக் கேக்காது. யாருக்குமே கேக்காது. உங்களுக்கும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள்.

"இத்தப் படிச்சிட்டு நேத்துலேர்ந்து இவ போடற ஆட்டம் தாங்கல சார்" என்றார் சின்னப்பன். முடிச்சூர் பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அவள் விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள்.